மலைக்கு மேல் இன்னொரு மலை

பழைய ஆய்வகக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று பள்ளிக்கூடத்தில் முடிவானதும், அதன் சாமான் அறையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் அங்கே இயற்பியல் ஆசிரியை. ஒரு சனிக்கிழமை காலையில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தட்டு இல்லாத தராசுகள், ஒரு கை போன எலும்புக்கூடு, காந்தம் என்று எழுதி ஒட்டிய, இப்போது எதையும் இழுக்காத இரும்புத் துண்டுகள். மர பீரோவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒரு பெட்டி கிடந்தது. தூக்கினால் நல்ல கனம்.

சாக்கைப் பிரித்ததும் தலைமையாசிரியை சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆர்மோனியம் டீச்சர். முன்னாடி கோயில்ல வச்சு வாசிச்சிருப்பாங்க. துருத்தி தெரியுது பாருங்க."

துருத்தி இருந்தது உண்மைதான். தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. நான் மெல்ல இழுத்தேன். அது பழைய வாழைச்சருகு மாதிரி கையோடு கிழிந்து வந்தது.

"கட்டை எங்க சிஸ்டர்? வாசிக்கிறதுக்கு ஒரு கட்டையையும் காணோமே."

பெட்டியைத் திருப்பினேன். மறுபக்கம் பச்சை பூத்த ஒரு பித்தளைக் குழாய். முந்தானையால் அதன் வாயைத் துடைத்தபோது உள்ளே கண்ணாடி மின்னியது. சிஸ்டர் சிரித்துவிட்டார். "ஆர்மோனியத்துக்குக் கண்ணு எதுக்கு? அப்ப கேமராதான்."

பழைய இரும்புக்காரர் மதியம் வருவதாக இருந்தது. அவரிடம் போட்டுவிடவா, வைத்துக்கொள்கிறீர்களா என்று சிஸ்டர் கேட்டார்.

"சரி பண்ணிப் பாக்குறேன் சிஸ்டர். வேலை செஞ்சா பிள்ளைங்களுக்குக் காட்டலாம்."

"செய்யலைன்னா?"

"ஆர்மோனியமா வாசிச்சிரலாம்."

எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாடப்புத்தகத்தில் உள்ளது தெரியும். லென்ஸ், குவியம், தலைகீழ் பிம்பம். வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைவேன். அந்தப் பெட்டியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்தபோதுதான் எனக்கு ஆசை பிடித்தது. பின்பக்கம் படம் பார்ப்பதற்கு ஒரு சொரசொரப்பான கண்ணாடி இருந்திருக்கிறது. அது உடைந்து, ஒரு மூலையில் முக்கோணத் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சும்மா அந்தத் துண்டை லென்சுக்குப் பின்னால் பிடித்தேன். சன்னலுக்கு வெளியே இருந்த முருங்கை மரம் தலைகீழாக அதில் வந்து விழுந்தது. கிளையில் ஒரு காக்கை. அதுவும் தலைகீழ். அது அலகைக் கிளையில் தேய்த்தது. என் உள்ளங்கை அளவுகூட இல்லாத கண்ணாடிக்குள் ஓசையில்லாமல் ஒரு காக்கை அலகு தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு அடுப்பில் பால் பொங்கியதைக்கூட விட்டுவிட்டேன்.

என் கணவருக்குச் செம்பட்டியில் பம்புசெட் பழுது பார்க்கும் கடை. சாயங்காலம் வந்தவர், மேஜை நிறையப் பித்தளையும் மரமும் கிடப்பதைப் பார்த்து, "சோறு எங்க வச்சுத் திங்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஆனால் மறுநாள் கடையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். என்ஜின் வால்வைத் தேய்க்கிற பேஸ்ட். சன்னல் கண்ணாடி வெட்டுகிற கடையில் அளவு கொடுத்து ஒரு துண்டு வாங்கி, அந்தப் பேஸ்டையும் தண்ணீரையும் விட்டு, இன்னொரு கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். பல் கூசுகிற சத்தம். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி பனி படிந்தது மாதிரி ஆனது. கழுவிக் காயவைத்து மாட்டியபோது, எனக்கு உடனே முருங்கை மரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

துருத்திதான் பெரிய வேலை. அதற்கு மதினி வந்தார்.

மதினி என் கணவரின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் எந்திரம் வைத்து, பள்ளிச் சீருடைகளும் கோயில் பாட்டுக் குழுவுக்கு உடுப்பும் தைப்பார். சந்தையில் அவரிடம் விலை சொல்ல வியாபாரிகள் யோசிப்பார்கள். அப்படி ஒரு பேச்சு. இருபது வயதுக்கு மேல் அவருடைய இடது கன்னத்தில் வெண்படை வந்திருக்கிறது. கன்னத்திலிருந்து கழுத்து வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. முக்காடு போட்டு மறைத்துப் பார்த்ததும் இல்லை. ஆனால் போட்டோவுக்கு மட்டும் நிற்கமாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தபோது அவர் ஒரு படத்திலும் இல்லை என்பதைக் கவனித்தேன். பந்தி நடக்கிற படம் ஒன்றில், தூணுக்குப் பின்னால் அவருடைய சேலைக் கரை மட்டும் தெரிந்தது. கணவரிடம் கேட்டதற்கு, "அக்கா போட்டோவுக்கு நிக்காது. நீயும் கூப்பிடாத" என்றார். நானும் கூப்பிட்டதில்லை.

கிழிந்த துருத்தியைப் பார்த்துவிட்டு மதினி கேட்டார்: "என்னத்தப் பிள்ள இது, ஆட்டுக் குடல உருவிப் போட்டமாதிரி கெடக்கு?"

"இதே மாதிரி புதுசா ஒண்ணு தைக்கணும் மதினி. துளி வெளிச்சம் உள்ள போகக் கூடாது. ஆனா மடியணும், விரியணும்."

"பாவாடைக்குக் கொசுவம் வைக்கிறமாதிரியா?"

"நாலு பக்கமும். அதுவும் ஒரு பக்கம் பெருசா, மறுபக்கம் சிறுசா."

அவர் பழைய துருத்தியை மடியில் போட்டு, கத்தரிக்கோல் நுனியால் ஒட்டுப் பிரித்து, தரையில் விரித்தார். அன்றைக்கு அவருடைய முகத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். சீருடைத் துணி ஒரு வாரம் தொடப்படாமல் கிடந்தது.

தோலுக்கு ஊரில் பஞ்சமில்லை. கணவரின் நண்பர் ஒருவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். அவர் முதலில் கொடுத்தனுப்பியது செருப்புக்கு ஆகும், மடிப்புக்கு ஆகாது. இரண்டாவது முறை, கையுறைக்கு உள்ளே வைக்கிற மெல்லிய செம்மறித்தோல் வந்தது. உள்பக்கத்துக்குக் கருப்புக் குடைத்துணி. மடிப்பு விறைப்பாக நிற்க உள்ளே அட்டைக் கீற்றுகள் வேண்டும். அதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டினோம். இன்றைக்கும் அந்தத் துருத்திக்குள் யார் யாருடைய முகூர்த்த நேரமோ ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் துருத்தி வீணாகிப்போனது. எல்லாக் கீற்றையும் ஒரே அகலமாக வெட்டிவிட்டோம். மூலைகளில் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதி மடிந்து நின்றுகொண்டது. பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது. மதினி அதை உருட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், கடைசியில் "இது கொழுக்கட்ட" என்று தள்ளிவைத்தார். பிறகு தினசரிக் காலண்டர் அட்டையில் சின்னதாகச் செய்து பார்த்து, மூலைக்கு மூலை கீற்றைச் சாய்த்து வெட்டினால் மடிகிறது என்று கண்டுபிடித்தோம். அதை யார் முதலில் சொன்னது என்று எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது.

இரண்டாவது துருத்தி மடிந்தது. குளியலறையின் வென்டிலேட்டரைச் செய்தித்தாளால் அடைத்து, விளக்கை அணைத்து, துருத்திக்குள் ஒரு பல்பை எரியவிட்டுப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் இரண்டு மூன்று ஒளிப்புள்ளிகள். "நட்சத்திரம்!" என்றார் மதினி. கருப்புப் பெயிண்டில் பசையைக் கலந்து அந்த நட்சத்திரங்களை அணைத்தோம். அதன்பிறகு சுத்தமான இருட்டு. பிறகு லென்ஸ் பூட்டியிருக்கிற முன்பலகையைத் தனியாகக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்டு அழுக்குப் போகத் துடைத்தேன். மரம் தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது. எல்லாவற்றையும் பூட்டி மேஜையில் நிறுத்தினோம்.

பிலிம்? இவ்வளவு பெரிய கேமராவுக்கு இப்போது கடையில் பிலிம் கிடைக்காது. இணையத்தில் தேடியபோது, உலகத்தில் பல பேர் எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடுகிறார்கள் என்று தெரிந்தது. மருந்து மொத்தக் கடையில் ஒரு பெட்டி வாங்கி, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அளவாக வெட்டி, கேமராவோடு கிடைத்த மரச் சட்டத்துக்குள் வைத்தேன். அந்தச் சட்டத்துக்கு முன்னால் இழுத்துத் திறக்கிற ஒரு தகடு உண்டு. படம் எடுக்கிற முறை இதுதான்: கண்ணாடியில் பார்த்துத் தெளிவு செய்யவேண்டும். லென்சை மூடியால் மூடவேண்டும். கண்ணாடி இருந்த இடத்தில் பிலிம் சட்டத்தைச் சொருகி, தகட்டை இழுக்கவேண்டும். இப்போது பிலிம் இருட்டில் திறந்திருக்கிறது. மூடியை எடுத்து, ஒன்று இரண்டு எண்ணி, திரும்ப மூடவேண்டும். தகட்டைத் தள்ளவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கோட்டை மலை முழுசாகத் தெரியும். கேமராவை முக்காலியில் ஏற்றி முதல் படம் அதைத்தான் எடுத்தேன். மதியம் குளியலறையை இருட்டாக்கி, சமையலறைத் தட்டுகளில் ரசாயனங்களை ஊற்றிக் கழுவினேன். சிவப்பு வெளிச்சத்தில் பிலிமில் கருப்பு ஏறிக்கொண்டே வந்து, மலை ஒன்று உருவானபோது நான் கத்தியதில் கணவர் கதவைத் தட்டி, "ஷாக் அடிச்சிருச்சா?" என்றார்.

காய்ந்த பிலிமைப் போனில் படம்பிடித்து, கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் திருப்பிப் பார்த்தோம். மலை நன்றாக வந்திருந்தது. பாறையின் மடிப்பு, கோட்டைச் சுவரின் வரிசை எல்லாம் இருந்தன. ஆனால் அந்த மலைக்கு மேலே, வானத்தில், இன்னொரு மலை இருந்தது. மங்கலாக, அதே உருவத்தில், அதே அளவில்.

கணவர் போனை வாங்கிப் பார்த்தார். "மலைக்கு மாடி கட்டிட்டியே!"

கேமரா ஆடியிருக்கும் என்று நினைத்தேன். முக்காலிக்கு மணல் மூட்டை கட்டி மறுபடி எடுத்தேன். மறுபடியும் மேலே ஒரு மலை. அதே இடைவெளி. பிலிமில் வைத்துப் பார்த்தால் இரண்டு விரல்கடை. ஆடியிருந்தால் ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தாற்போல ஒரே அளவா ஆடும்? எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பார்கள், அதனால் இரண்டு படம் விழுகிறதோ என்று யோசித்தேன். அப்படியானால் இடைவெளி முடி அளவுகூட இருக்காது. லென்சுக்குள் ஒளி முட்டித் திரும்புகிறதோ என்று லென்சைக் கழற்றித் துடைத்தேன். துருத்தியை மறுபடி பல்பு போட்டுப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதே கரும்பலகையின் ஓரத்தில் கதிர்ப் படம் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எரிச்சல் வரவில்லை என்பதுதான் விசேஷம். காலையில் எழும்போதே இன்றைக்கு என்ன சோதித்துப் பார்க்கலாம் என்ற நினைப்போடு எழுந்தேன்.

தூரத்து மலைக்குப் பதிலாகக் கிட்டத்தில் இருக்கிற பொருளை எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க நினைத்தேன். ஒரு சாயங்காலம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்துக் கேமராவை நிறுத்தினேன். வெறும் சிமெண்டுச் சுவரில் தெளிவு பார்ப்பது கஷ்டம். எழுத்து இருந்தால் சுலபம். துணி எடுக்க வந்த மதினியை, செய்தித்தாளை விரித்துப் பிடித்துத் தொட்டிப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"என்னைய எடுக்கமாட்டயே?"

"இல்ல மதினி. எழுத்துத் தெளிவாத் தெரியுதான்னு பாக்க மட்டும். மூடிய போட்டதுக்கப்புறம் சொல்றேன், போயிருங்க."

தலைப்பு எழுத்துகள் தலைகீழாகத் தெளிந்தன. லென்சுக்கு மூடி போட்டேன். சட்டத்தைச் சொருகித் தகட்டை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து மேகம் ஒன்று வந்தது. வெளிச்சம் குறைந்ததால் எத்தனை விநாடி கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"போகவா பிள்ள?"

"செத்த நேரம் இருங்க மதினி, மறுபடி தெளிவு பாக்க வேண்டியிருக்கும்."

மேகம் விலகியது. "சரி, போங்க" என்றேன். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு கொடிப்பக்கம் போனார். அதன்பிறகு மூடியை எடுத்து, தொட்டியை மட்டும் படம் எடுத்தேன்.

கழுவிய பிலிமை எப்போதும்போல மதினியின் மாடி அறையில், நூல் காயப்போடுகிற கொடியில் மாட்டினேன். கணவர்தான் முதலில் போனில் திருப்பிப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

தொட்டி இருந்தது. அதற்குச் சற்று மேலே மங்கலாக இன்னொரு தொட்டி. அந்த மங்கலான தொட்டியின் பக்கத்தில், தரையில் கால் படாமல், விரித்த செய்தித்தாளோடு மதினி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த கைப்பிடிச் சுவர் அவருடைய சேலைக்குள் புகுந்து தெரிந்தது.

"அக்காகிட்ட காட்டாத" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. அதற்குள் மதினி கொடிக்குப் பக்கத்தில் போய், பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். என் பிலிம்களெல்லாம் அங்கேயே காய்ந்ததில் நெகடிவ் பார்க்க அவருக்குப் பழகியிருந்தது.

"இது யாரு?"

"நீங்கதான் மதினி."

"மூடி போட்டிருந்துச்சுல்ல?"

"போட்டிருந்துச்சு."

"நான் போனப்பறந்தான எடுத்த?"

"ஆமா."

"பெறகு எப்படி நான் இதுல வந்தேன்?"

"தெரியல மதினி. சத்தியமாத் தெரியல."

அவர் பிலிமைக் கொடியிலேயே மாட்டினார். கிளிப்பைச் சரியாக அழுத்தினார். "உன்னைய நம்பித்தான நின்னேன்" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாட்களில் மாடியில் தையல் எந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழம்பு கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வார். பாத்திரத்தைக் கழுவிப் படியில் வைத்துவிடுவார். அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. இதுவரை மேலே வந்த மலை என்னுடைய வேடிக்கை. இப்போது அதற்குள் ஒரு ஆள் மாட்டிக்கொண்டார். மூடி போட்டிருக்கும்போது லென்ஸ் வழியாக வெளிச்சம் போகாது. மதினி நின்றது மூடி போட்டிருந்தபோது மட்டும்தான். அப்படியானால் அவர் லென்ஸ் வழியாக உள்ளே போகவில்லை. இதுவரை வந்து, அதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை. லென்ஸ் இல்லாமல் இவ்வளவு தெளிவான உருவம் எப்படி விழும்?

சனிக்கிழமை உச்சிவெயிலில் மதினி கீழே இறங்கி வந்தார்.

"அந்தப் பெட்டிய மேல கொண்டா. மூடியப் போட்டு வையி. நான் உள்ள பாக்குறேன்."

மொட்டைமாடியில், துணி காய்கிற கொடியைப் பார்த்துக் கேமராவை நிறுத்தினேன். மூடியை அழுத்தி மாட்டினேன். மதினி மூடியைத் தானே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு பின்பக்கம் போய், தெளிவு பார்க்கும்போது நான் போர்த்திக்கொள்கிற கருப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ஓரங்களைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தெரியுது மதினி?"

"ஒண்ணும் இல்ல. கும்மிருட்டு."

"வெளிய வாங்க, வெயிலு."

"செத்த நேரம் இரு."

தரை காலைச் சுட்டது. அவர் வெளியே வரவில்லை. துணிக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பிடிவாதத்தால்தான் சந்தையில் அவரிடம் யாரும் ஜெயிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏ பிள்ள."

"என்ன மதினி?"

"மூடி போட்டுத்தான இருக்கு?"

"ஆமா."

"துணி ஆடுது."

"எந்தத் துணி?"

"கொடில போட்ட துணி. தலகீழா. என் மஞ்சச் சேலை ஆடுது. ரொம்ப மங்கலா. ஆனா ஆடுது பிள்ள!"

முன்பக்கம் ஓடிப்போய்த் துருத்தியின் மேலே கையை வைத்து மூடினேன். "இப்ப?"

"தெரியுது."

இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "தெரியுது, தெரியுது." லென்ஸ் பூட்டிய முன்பலகையில் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி நகர்த்தினேன்.

"போச்சு! இப்பப் போச்சு."

கையை எடுத்தேன்.

"வந்துருச்சு."

விரல் நுனியால் தேடினேன். லென்சுக்குக் கீழே, பித்தளை வளையத்தின் நிழலில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு திருகு இருந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு யாரோ கருப்பு மெழுகால் அடைத்திருக்கிறார்கள். நான் பலகை பளபளக்கவேண்டும் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் மெழுகில் கொஞ்சம் கரைந்துபோயிருக்கிறது. துருத்தியைச் சோதித்தபோதெல்லாம் பலகையைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூடு அப்புறம்தான் உறைத்தது.

"ஊசித்துளைக் கேமரா மதினி! எட்டாம் வகுப்புப் பாடம். அட்டைப் பெட்டில ஓட்ட போட்டு வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுறேன். லென்சே வேண்டாம், சின்ன ஓட்ட போதும், படம் விழும். இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு கேமரா இருந்திருக்கு. ஒண்ணுக்கு மூடி இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல."

அவர் துணியை விலக்கினார். முகமெல்லாம் வியர்வை. "அப்ப நான் நின்ன நேரமெல்லாம் அந்த ஓட்ட என்னையப் பாத்துக்கிட்டே இருந்திருக்கு."

"ஆமா. தகட்ட இழுத்ததுலேர்ந்து."

ஓடிப்போய் ஸ்கேலை எடுத்துவந்தேன். லென்சின் நடுவிலிருந்து ஓட்டை வரை அளந்தேன். பிலிமில் கீழ் மலைக்கும் மேல் மலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இரண்டும் ஒன்று. ஓட்டை கீழே இருந்ததால், தலைகீழாக விழுகிற படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது மலை மேலே ஏறியிருக்கிறது. மதினி ஸ்கேலை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்தார். தையற்காரர் அடுத்தவர் அளவை நம்பமாட்டார்.

"அப்ப நீ ஏமாத்தல."

"இல்ல மதினி."

"சரி. பசிக்குது. வெஞ்சனம் என்ன வச்சிருக்க?"

அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னதில் கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் மெழுகும் கருப்புப் பெயிண்டும் கலந்து ஓட்டையை அடைத்தேன். அதன்பிறகு எடுத்த படத்தில் ஒரே ஒரு மலைதான் இருந்தது. படம் நல்ல படம். எனக்கென்னவோ கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மதினி அந்தப் பழைய பிலிமைக் கொடியிலிருந்து எடுக்கவிடவில்லை. துணி எடுக்கப் போகும்போதும் நூல் கோக்கும்போதும் அதைப் பார்ப்பார் என்று தெரியும். ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"இதுல என் மூஞ்சியே சரியாத் தெரியல. வெறும் நெழலு."

"ஓட்டையில விழுற படம் அம்புட்டுத்தான் மதினி."

"லென்சுல எடுத்தா தெரியுமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பதிலைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. "தெரியும். ஒண்ணு சொல்லிர்றேன். இந்தப் பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. நம்ம தோலுல செவப்பு இருக்கு, அதனால நம்மளக் கூடுதலாக் கருப்பாக் காட்டும். உங்க கன்னத்துல உள்ளது நேர்ல தெரியறதவிட எடுப்பா, வெள்ளையாத் தெரியும்."

அவர் காபியை ஆற்றிக் குடித்து முடித்தார். "தெரியட்டும். எனக்குத் தெரியாததையா காட்டப்போகுது? அது எப்படிப் பாக்குதுன்னு நான் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, அதே சேலையோடு மொட்டைமாடிக்கு வந்தார். தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டிருந்தேன். இடது கன்னத்தை மறைத்து உட்காருவாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நேராக லென்சைப் பார்த்து உட்கார்ந்தார். முன்பலகையைக் கூர்ந்து பார்த்து, "ஓட்ட அடச்சாச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

"எம்புட்டு நேரம் ஆடாம இருக்கணும்?"

"பாதி 'அருள் நிறைந்த மரியே' சொல்ற நேரம். மனசுக்குள்ள சொல்லுங்க, வாய் அசையக் கூடாது."

தகட்டை இழுத்தேன். அவருடைய கண்ணைப் பார்த்தேன். இமைகளை ஒரு தடவை மூடித் திறந்து சரி என்றார். மூடியை எடுத்தேன். கீழே தெருவில் ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே போனது. அவர் அசையவில்லை. நான் மனதுக்குள் பாதி மந்திரத்தை முடித்து மூடியைப் போட்டேன்.

"முழுசும் சொல்லிர்றேன், பாதில விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மீதியையும் முடித்த பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

கழுவும்போது அவரும் குளியலறைக்குள் இருந்தார். தட்டை ஆட்டுகிற வேலையை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் கணவர் அதைக் கடைத்தெருவில் கொடுத்துத் தாளில் போட்டு வாங்கி வந்தார். உறையைப் பிரிக்காமல் அக்காவிடம் நீட்டினார்.

நான் சொன்னபடிதான் இருந்தது. முகம் கருங்கல் நிறத்தில். கன்னத்திலிருந்து கழுத்து வரை வெண்மை, அதன் ஓரம் ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக. புருவத்து மயிர், சேலையின் நெசவு, கண்ணுக்குள் சின்னதாகத் தெரிந்த வானம், எதையும் அந்த லென்ஸ் விடவில்லை. நானும் கணவரும் படத்தைப் பார்க்கவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் சன்னலோரம் போய், படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஏலே தம்பி" என்றார் மதினி.

"என்னக்கா?"

"என் காது இம்புட்டுப் பெருசா?"

கணவர் எட்டிப் பார்த்தார். "நம்ம அப்பா காதுக்கா."

"அட ஆமா! அச்சு அசலா அவரு காது." அவர் இடது காதைத் தொட்டுப் பார்த்தார், வலது காதைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலையே. எப்பவும் கண்ணாடில முன்னாடி மட்டும் பாத்துச் சீவிட்டுப் போயிர்றோம், இதக் கவனிச்சதே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, பக்கவாட்டுல ஒண்ணு எடுக்க முடியுமா? முழுக் காதும் தெரியணும்."

"முடியும் மதினி. ஆனா இன்னைக்கு வெளிச்சம் போச்சு."

"நாளைக்கு எடு" என்றார். பிறகு கொண்டையில் மாட்டியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த சீருடைக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்தார்.